கரி எரிய நாற்பது நிமிடம்

ஜூலை 14, திங்கள்

காலை ஆறு மணிக்கே வெயில். காற்று துளி இல்லை. இவருக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை 186.

(தினமும் குறித்து வைக்கச் சொன்னது டாக்டர். டைரி மருந்துக்கடையில் கொடுத்தது. சர்க்கரைக்கு ஒரு வரி போதும். மீதிப் பக்கம் சும்மாதானே கிடக்கிறது என்று நானும் எதையாவது எழுதி வருகிறேன். இவர் இதைத் திறந்து பார்ப்பதில்லை.)

இன்று ஏழு நடை. நூம்பல் தண்ணீர் கேன் பிளாண்டிலிருந்து வேலப்பன்சாவடி மூன்று, அயனம்பாக்கம் இரண்டு, திருவேற்காடு இரண்டு. எதுவும் நாலு கிலோமீட்டரைத் தாண்டாது. கேன் ஏற்று, பத்து நிமிடம் ஓட்டு, நிறுத்து, இறக்கு, காலி கேன் ஏற்று, திரும்பு. அப்பார்ட்மெண்ட் பி பிளாக்கில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூன்றாம் மாடி வரை நாலு கேன். இடுப்பு.

நாலாவது நடையில் மீட்டர் பக்கத்தில் அந்த மஞ்சள் விளக்கு மறுபடி. பெட்டி மாதிரிப் படம், உள்ளே புள்ளி புள்ளியாக. போன மாதமும் வந்தது. சென்னீர்குப்பம் மெக்கானிக் டேவிட் ஏதோ மெஷினை மாட்டி அணைத்துக் கொடுத்தார்.

சாயங்காலம் இவரிடம் சொன்னேன். இருபத்திரண்டு வருடம் லாரி ஓட்டியவர். கட்டிலில் சுவர் பக்கம் திரும்பியபடியே பதில்.

"எரிஞ்சா எரியட்டும் ரஹ்மத்து. என் லாரில ஒரு லைட்டும் எரியாது, வண்டி மட்டும் ஓடும். டீசல் வண்டிய நல்லா சூடு பண்ணி எடுக்கணும், அவ்ளோதான். நாளைலேர்ந்து இன்னும் பத்து நிமிஷம் கூட ஸ்டார்ட்ல வெக்கிறேன்."

சரி என்றேன். தைலம் தேய்க்கக்கூடத் தெம்பில்லை.

ஜூலை 15, செவ்வாய்

சர்க்கரை 178. மேகம் கூடிக் கலைந்தது. மழை இல்லை.

விடிகாலை சுபுஹு பாங்கு முடிந்ததும் இவர் எழுந்துவிடுகிறார். உட்கார்ந்தபடியே தொழுகை. பிறகு ஊன்றுகட்டைகளை எடுத்துக்கொண்டு மெல்ல வாசலுக்கு. இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்து எட்டு மாதம் ஆகிறது. தெருவுக்குப் போவது இந்த ஒரு நேரத்தில் மட்டும். அப்போது யாரும் நடமாட மாட்டார்கள், யாரும் பார்க்க மாட்டார்கள். வண்டியில் ஏறி உட்கார்ந்து, கட்டையின் நுனியால் கிளட்சை அழுத்தி, சாவியைத் திருப்புவார். வண்டி நின்ற இடத்திலேயே அரை மணி நேரம் உறுமிக்கொண்டு இருக்கும்.

அந்த அரை மணி நேரம்தான் எனக்கு நல்ல தூக்கம். ஏனென்று தெரியவில்லை. சத்தம் கேட்டால் இவர் இருக்கிறார் என்று தெரிகிறது, அதனால் இருக்கும்.

லாரியை விட்டுவிட்டுச் சொந்தத் தொழில் என்று இவர் வாங்கிய சின்ன லோடு வண்டி இது. நாலு மாதம்தான் ஓட்டினார். புதுச் செருப்பு கடித்த புண். அலட்சியம். முதலில் ஒரு விரல், பிறகு பாதம், பிறகு முட்டிக்குக் கீழ். மகள் கல்யாணமாகி ஓசூர் போனபின் வீட்டில் பொழுது போகாமல் நான் எடுத்து வைத்த லைசென்ஸ், இப்போது சோறு போடுகிறது.

நான் கிளம்பும்போது சீட்டில் இவர் சூடு இருக்கும். "பாத்துப் போ" என்பார். பல நாள் எங்களுக்குள் மொத்தப் பேச்சே அவ்வளவுதான்.

இன்று ஆறு நடை. விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது.

ஜூலை 16, புதன்

சர்க்கரை பார்க்க மறந்தேன்.

வேலப்பன்சாவடி பாலம் ஏறும்போது வண்டிக்கு மூச்சு நின்றுவிட்டது. ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் இருபதுக்கு மேல் நகரவில்லை. பின்னால் அறுபது கேன். அதற்குப் பின்னால் ஊரே ஹாரன். ஆட்டோக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து தலையை நீட்டினார்.

"அக்கா, இன்னா மாட்டு வண்டியா ஓட்டினுகீற? ஓரம் கட்டுக்கா!"

ஓரம் எங்கே இருக்கிறது, கட்டுவதற்கு? அப்படியே ஊர்ந்து இறங்கினேன். அப்பார்ட்மெண்ட் வாட்ச்மேனுக்குப் போன் செய்து மதியம் தண்ணீர் வரும் என்று சொன்னேன். திட்டினார். அவரை அங்கே யார் திட்டினார்களோ.

நேராக டேவிட் ஷெட். மெஷினை மாட்டி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"யாருக்கா இத சும்மா ஸ்டார்ட்ல உட்டு வெக்கறது?"

"ஏன்?"

"வண்டி ஓடுன தூரத்துக்கும் இன்ஜின் ஓடுன நேரத்துக்கும் சம்பந்தமே இல்லையே. அதான் கேக்குறேன்."

"அவருதான். காலைல அர மணி நேரம் சூடு பண்ணி வெப்பாரு."

டேவிட் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பொறுமையாகச் சொன்னார். சைலன்ஸருக்கு முன்னால் ஒரு ஃபில்டர் இருக்கிறதாம். புகையில் இருக்கும் கரி அதில் போய்ச் சேருமாம். வண்டி நல்ல சூட்டில், நிற்காமல், நாற்பது நிமிடம் ஓடினால் கரி தானாக எரிந்து சாம்பலாகிவிடும். என்னைப் போல ரெண்டு கிலோமீட்டர் ஓட்டி ஓட்டி நிறுத்தினால் எரியாது, சேர்ந்துகொண்டே போகும்.

"அதுகூடப் பரவால்லக்கா. நின்ன எடத்துல தெனம் அர மணி நேரம் ஓட உடுறீங்க பாரு, அதான் கொல்லுது. பழைய வண்டிக்கு அது நல்லது. இதுக்கு அது வெசம். அண்ணன்கிட்ட சொல்லிடு."

இந்த முறையும் மெஷினால் எரித்துவிட்டார். முழுசாக எரியவில்லையாம். ஃபில்டரை மாற்றுவதாக இருந்தால் வண்டியை விற்றுத்தான் ஃபில்டர் வாங்க வேண்டும் என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டில் இவர் கேட்டார். "இன்னா சொன்னான்?"

"சென்சார்ல தூசியாம்."

"அதான் சொன்னேன். ஒண்ணும் கெடயாது."

பொய் சொல்லி முடித்ததும் பசித்தது. பழைய சாதமும் ஊறுகாயும்.

ஜூலை 17, வியாழன்

சர்க்கரை 190. இரவு தூறல், காலையில் புழுக்கம்.

எப்படிச் சொல்வது? ஒரு நாளைக்கு இவர் செய்கிற ஒரே வேலை அது. முன்பு செய்தவை: மார்க்கெட், கறி வெட்டி வாங்குவது, வெள்ளிக்கிழமை ஜும்மா, பேரனுக்கு வீடியோ கால், கேரம் போர்டு, என்னைத் திட்டுவது. இப்போது எதுவும் இல்லை. செயற்கைக் காலுக்கு அளவு எடுக்க இரண்டு முறை கூப்பிட்டார்கள், போகவில்லை. வண்டியை ஸ்டார்ட் பண்ணுவது மட்டும்தான் மிச்சம். அதுவும் எனக்காக.

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். இவருக்கு முன்னால் நானே எழுந்து கிளம்பிவிடுவது. பிளாண்டில் சீக்கிரம் வரச் சொல்கிறார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஜூலை 18, வெள்ளி

நாலே முக்காலுக்கு எழுந்தேன். பாங்கு சொல்லும்போது நான் வண்டியில். பிளாண்ட் கேட் பூட்டியிருந்தது. வெளியே வண்டியை நிறுத்தி ஸ்டியரிங்கில் தலை சாய்த்தேன். சம்பத் அண்ணன் (பிளாண்ட் ஓனர்) வந்து கண்ணாடியைத் தட்டித்தான் விழிப்பு.

"இன்னாம்மா, ஊட்ல எதுனா சண்டையா?"

இல்லை என்றேன். நம்பவில்லை.

ஆடி வெள்ளி. திருவேற்காடு பக்கம் கூட்டம், மைக் செட், கூழ். ஒரு கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம். வண்டி நின்று நின்று. கரி சேர்ந்துகொண்டே இருக்கும் என்று நினைப்பு வேறு. நெரிசலில் கண் செருகி, முன்னால் நின்ற ஸ்கூட்டரை இடிக்கப் பார்த்தேன். ஸ்கூட்டர்காரப் பெண் திரும்பி, "தூங்கிட்டியா ஆண்ட்டி?" என்றாள். ஆமாம் என்றேன்.

ஜூலை 19, சனி

இன்றும் அப்படி எழ முடியாது என்று நேற்றே தெரிந்தது. உடம்பு கேட்கவில்லை. அதனால் நேற்று இரவே சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தேன்.

பாங்குக்குப் பிறகு தேடும் சத்தம். ஆணியில் இல்லை. ஃப்ரிட்ஜ் மேல் இல்லை. ஒரு கட்டை தரையில் விழுந்தது. பிறகு என் பாய் பக்கம் வந்து நின்றார்.

"ரஹ்மத்து, சாவி எங்க?"

தூங்குவதுபோல் கிடந்தேன்.

"சாவி எங்கன்னு கேக்குறேன்ல."

எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. எழுந்து உட்கார்ந்து கத்திவிட்டேன். "நீங்க ஸ்டார்ட் பண்ணி வெக்கறதாலதான் வண்டி கெடுது! டேவிட் சொல்லிட்டாரு. பாலத்துல திணறுனதே அதனாலதான். என்னத் தூங்கவாவது உடுங்க!"

நின்றுகொண்டே இருந்தார். விளக்குப் போடாததால் முகம் தெரியவில்லை. பிறகு கட்டைகளின் டக் டக். கட்டில் கிரீச்சிட்டது. அவ்வளவுதான்.

எனக்குப் பிறகு தூக்கமும் வரவில்லை. ஆறு நடை. எழுத எதுவும் இல்லை.

ஜூலை 21, திங்கள்

சர்க்கரை 244. நல்ல மழை, அரை மணி நேரம். தெருவில் கணுக்கால் தண்ணீர்.

இரண்டு நாளாகச் சுபுஹுக்கு எழவில்லை. "பாத்துப் போ" இல்லை. சாப்பாட்டுத் தட்டு பாதி மிச்சம். ஊசி மட்டும் போட்டுக்கொள்கிறார்.

மன்னிப்புக் கேட்கலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். இவர் டி.வி. சத்தத்தைக் கூட்டினார். சோப்பு விளம்பரம். இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.

ஜூலை 22, செவ்வாய்

சர்க்கரை 231. ஏழு நடை. வலது தோள் தூக்க முடியவில்லை. மகள் போன் செய்தாள். "வாப்பா ஏன் பேச மாட்டேங்கறாரு?" தூங்குகிறார் என்றேன். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

ஜூலை 24, வியாழன்

விளக்கு மறுபடி. இந்த முறை கண் சிமிட்டுகிறது.

டேவிட்டுக்குப் போன்.

"அக்கா, இனிமே மெஷின்ல எரிக்க மாட்டேன், ஃபில்டர் பொளந்துடும். ஹைவேல போட்டு நாப்பது நிமிஷம் நிறுத்தாம ஓட்டு. அறுவதுக்குக் கொறயாத. நடுவுல ஆஃப் பண்ணிட்டா செஞ்சது வேஸ்ட்டு. ஞாயித்துக்கிழம காலைல போ, ரோடு காலியா இருக்கும்."

"நீங்க வந்து ஓட்டிக் குடுக்க முடியுமா?"

"ஞாயிறு சர்ச்சுக்கா. அப்புறம், வாராவாரம் நானா வருவேன்? நீதான் ஓட்டணும்."

நான் இதுவரை ஓட்டிய அதிகபட்ச வேகம் நாற்பத்தைந்து. அதுவும் ஒருமுறை, தெரியாமல். பெங்களூர் ரோட்டை மூன்று முறை குறுக்கே கடந்திருக்கிறேன். அதன் மேல் நீளவாக்கில் போனதில்லை. கண்டெய்னர் லாரி பக்கத்தில் வந்தாலே ஓரம் ஒதுங்கிவிடுவேன்.

ஜூலை 26, சனி

சர்க்கரை 219.

சாயங்காலம் இவர் முன்னால் போய் நின்று டி.வி.யை அணைத்தேன்.

"ஃபில்டர்ல கரி எரியறதுக்கு நாளைக்கு வண்டிய ஹைவேல நாப்பது நிமிஷம் நிறுத்தாம ஓட்டணுமாம். நீங்களும் வாங்க."

"நான் எதுக்கு? மூட்டையா?"

"வழி தெரியாது எனக்கு."

"நேரா போற ரோட்டுக்கு இன்னா வழி?"

"ஏறத்தானே யோசிக்கிறீங்க. விடிகாலைல ஏறிடலாம். யாரும் இருக்க மாட்டாங்க."

தொடையைத் தடவிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது. அழவும் சோம்பலாக இருந்தது. உண்மையைச் சொன்னேன்.

"எனக்குப் பயமா இருக்குங்க. அவ்ளோ ஸ்பீடு நான் ஓட்டுனதே இல்ல. லாரிய பாத்தா ஸ்டியரிங்க ஒடிச்சுடுறேன். தனியா போனா எங்கனா உட்டுருவேன்."

நிமிர்ந்து பார்த்தார். ஒரு வாரத்தில் முதல் தடவை.

"அத மொதல்ல சொல்றதுக்கின்னா?"

பிறகு: "டயர்ல காத்து பாத்தியா?"

பார்க்கவில்லை. கிளம்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

சர்க்கரை 205. மேகமூட்டம், நல்ல காற்று.

இன்று நிறைய எழுத வேண்டும்.

ஐந்தே காலுக்கு இவர் சட்டை மாற்றிக்கொண்டு தயார். இஸ்திரி போட்ட சட்டை. இரண்டு டம்ளர் டீ குடித்தார், நான் ஒன்று. பிடித்து ஏற ஸ்டியரிங் இல்லாத இடது பக்கக் கதவு வழியாக ஏறுவதற்குப் பத்து நிமிடம். என் தோளைப் பிடிக்க மாட்டேன் என்றார், பிறகு பிடித்தார். பால்காரர் போனார். "பாய், எங்க காலைலயே?" என்றார். "வேலையா" என்றார் இவர். அவ்வளவு சுலபமாக அந்தப் பேச்சு முடிந்துவிட்டது.

பின்னால் காலி கேன்கள், நேற்று இறக்கத் தெம்பில்லாமல் விட்டவை. சென்னீர்குப்பம் வரை இரண்டாவது கியர், மூன்றாவது கியர். பூந்தமல்லி தாண்டியதும் ரோடு திறந்தது.

"மிதி."

மிதித்தேன். ஐம்பது. கேன்கள் கடகடவென்று ஆட ஆரம்பித்தன.

"இன்னும் மிதி. நாலாவதுலயே வெச்சுக்கோ, அஞ்சு போடாத. இன்ஜின் கத்துனா கத்தட்டும்."

அறுபத்தைந்து. திருமழிசைக்கிட்ட ஒரு கண்டெய்னர் பக்கத்தில் வந்தது. அதன் சக்கரம் என் ஜன்னல் உயரம். நான் இடது பக்கம் ஒடிக்கப் போனேன்.

"ஒடிக்காத! ஒடிக்காத. அவன் ரோட்டுல அவன் போறான். உன் ரோட்டுல நீ போ. சக்கரத்தப் பாக்காத, தூரத்துல பாரு."

தூரத்தில் பார்த்தேன். கண்டெய்னர் போய்விட்டது. நான் இருந்த இடத்திலேயே இருந்தேன். எப்படி என்றே தெரியவில்லை.

பிறகு ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"டேவிட்டு சொன்ன அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீங்க வெளிய வர்றதே நின்னுடும்னு நெனச்சேன்."

"நின்னுச்சே."

"ஆமா."

"மிர்ரரப் பாரு. பஸ் வரான்."

பஸ்ஸை விட்டேன். டோல்கேட்டில் மெதுவாகப் போய் வெளியே வந்து மறுபடி வேகம் பிடித்தேன். இருபது நிமிடம் ஆகியிருந்தது. விளக்கு சிமிட்டுவதை நிறுத்தி நிலையாக எரிந்தது. உள்ளே கரி எரிய ஆரம்பித்திருக்கிறது என்று இவர்தான் சொன்னார். வண்டியின் சத்தம் மாறியிருப்பதைக் காதாலேயே கண்டுபிடித்துவிட்டார். ஏதோ தீய்ந்த வாடையும் வந்தது.

ஸ்ரீபெரும்புதூர் தாண்டி இவர் சீட்டில் நெளிய ஆரம்பித்தார். கதவுக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார்.

"இன்னாங்க?"

"ஒண்ணுமில்ல."

"கால் வலிக்குதா?"

"ஓட்டு."

எனக்குப் புரிந்துவிட்டது. சர்க்கரைக்காரர், இரண்டு டம்ளர் டீ. ஓரம் கட்ட இண்டிகேட்டர் போட்டேன். கையை நீட்டி இவரே இண்டிகேட்டரை அணைத்தார்.

"நிறுத்தாத. நிறுத்துனா எல்லாம் வேஸ்ட்டு."

"மூத்திரத்த எவ்ளோ நேரம் அடக்குவீங்க? உடம்பு கெட்டுடும்."

"பெங்களூர் டிராஃபிக்ல மூணு மணி நேரம் அடக்கியிருக்கேன். ஓட்டு நீ."

"அப்போ வயசு கம்மி."

"ஓட்டுடி!"

ஓட்டினேன். எழுபது. நான் விளக்கைப் பார்க்க, இவர் விளக்கைப் பார்க்க. நெற்றியில் வேர்வை. உதட்டைக் கடித்துக்கொண்டு ஏதோ ஓதினார். சுங்குவார்சத்திரம் போர்டு வந்தது, போனது. முப்பத்து மூன்று நிமிடம். முப்பத்தாறு. ஒரு ஸ்பீடு பிரேக்கரில் தூக்கிப் போட்டதும் "யா அல்லா" என்று கத்தினார். கேன் எல்லாம் குதித்தன.

நாற்பத்தொன்றாவது நிமிடம் விளக்கு அணைந்தது. பொசுக்கென்று, எந்தச் சடங்கும் இல்லாமல்.

"இப்போ நிறுத்து. இப்போ. இங்கியே."

நிறுத்தினேன். ஓடிச் சுற்றி வருவதற்குள் கதவைத் திறந்து இறங்கிவிட்டார். கீழே ஜல்லி, அதற்குப் பிறகு சரிவு. கட்டை வழுக்கியது. நான் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். இரண்டு கையாலும், முழு பலத்தோடு, தண்ணீர் கேனைப் பிடிப்பதுபோல். இவர் ஒரு கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

முடியவே இல்லை. போய்க்கொண்டே இருந்தது. முதுகுக்குப் பின்னால் லாரிகள், ஒவ்வொன்றின் காற்றிலும் நாங்கள் இரண்டு பேரும் ஆடினோம். ஒருவன் நீளமாக ஹாரன் அடித்துவிட்டுப் போனான்.

"யாராவது பாக்கப் போறாங்க" என்றேன்.

இவர் உடம்பு குலுங்கியது. அழுகிறார் என்று பயந்துவிட்டேன். சிரிப்பு. எட்டு மாதத்தில் நான் கேட்காத சிரிப்பு.

"இந்த ரோட்டுல நான் நிறுத்தாத எடமே இல்ல ரஹ்மத்து. இருவத்திரண்டு வருஷம். ஒரு நாளும் எவனும் புடிச்சுகினு நின்னதில்ல."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் பிடி நழுவும். "சிரிக்காதீங்க, உழுந்துடுவோம்" என்றேன். அதற்கும் சிரித்தார்.

பிறகு டீக்கடை. வண்டியை விட்டு இறங்கி பெஞ்சில் உட்கார்ந்தார். பேண்ட் ஒரு பக்கம் மடித்து ஊக்குப் போட்டது எல்லோருக்கும் தெரிந்தது. லாரிக்காரர்கள் மூன்று பேர். ஒருவர் கால் என்ன ஆச்சு என்று நேரடியாகக் கேட்டார். இவர் புண் ஆரம்பித்த நாளிலிருந்து முழுக் கதையும் சொன்னார். எனக்கே தெரியாத சில விஷயம் அதில் இருந்தது. ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஓடிப்போய்விடலாம் என்று நினைத்தாராம்.

"வண்டி யாரு ஓட்டறது பாய்?"

"இவதான். என் சம்சாரம்."

அந்த ஆள் என்னையும் வண்டியையும் பார்த்துத் தலையாட்டினார். நான் டீயைப் பார்த்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது ரோடு நிரம்பிவிட்டது. ஒன்றரை மணி நேரம். இவர் தூங்கிவிட்டார், வாயைத் திறந்துகொண்டு.

ஜூலை 28, திங்கள்

சர்க்கரை 171. வெயில்.

எட்டு நடை. ஞாயிறு லீவு முடிந்ததால் எல்லோரும் ஒரே சமயத்தில் போன். பி பிளாக் லிஃப்ட் இன்னும் சரியாகவில்லை. கழுத்திலிருந்து பாதம் வரை வலி. வண்டிக்கு மட்டும் புதுத் தெம்பு, பாலத்தை ஒரே மூச்சில் ஏறுகிறது.

சாயங்காலம் வந்து பாயில் விழுந்தேன். இவர் டி.வி.யைத் தானே அணைத்தார்.

"அடுத்த ஞாயிறு காஞ்சிபுரம் வரைக்கும் போலாமா? அந்தப் பக்கம் ரோடு நல்லா கீது."

"ஞாயித்துக்கிழம நான் தூங்கணும். செத்துடுவேன்."

நான் கண்ணை மூடிவிட்டேன்.

"அப்போ சனிக்கிழம."